இடமிருந்து மூன்றாவது

மாடிப்படிக்கு அடியில் அடைத்துக் கொடுத்த இடம்தான் தையல்காரம்மாவின் கடை. உட்கார்ந்தால் எல்லாம் கைக்கு எட்டும். எழுந்தால் தலை இடிக்கும். இடது பக்கம் நூல்கண்டுப் பெட்டி, வலது பக்கம் கத்தரிக்கோல், முன்னால் மிஷின், சுவரில் போட்டுப் பார்ப்பதற்கு ஓர் ஆளுயரக் கண்ணாடி. புதுத்துணி தைப்பதை விட்டு வருஷம் பல ஆகிவிட்டது. பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான். அடுத்தவன் தைத்ததைப் பிரித்துத் தைக்கிற பிழைப்பு என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஆறு மாதமாக அந்த நூல்கண்டுப் பெட்டியின்மேல் ஒரு போன் சாய்ந்து நின்றது. அதில் ஒரு பெண்ணின் முகம். ஒரு மடிப்பு அடித்து முடித்தால் அதை ஒரு பார்வை, ஒரு பட்டன் வைத்தால் ஒரு பார்வை. எதிர்க் கடையில் சாவி செய்கிறவர் முதல் வாரமே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"யாருக்கா இது, மகளா?"

"எங்க அம்மா."

படத்தில் இருந்தவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தையல்காரம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. சாவிக்காரர் ஒருமுறை படத்தைப் பார்த்தார், ஒருமுறை இவளைப் பார்த்தார். "உங்க அம்மாவை நீங்க பெத்த மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். அந்தப் பேச்சை அவள் பல நாள் மனதுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தன் அம்மாவின் முகம் தெரியாது. பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பல்புத் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி கட்டுகிற வேலை. அம்மா எடுத்துக்கொண்ட ஒரே படம் தொழிற்சாலைப் பாஸில் ஒட்டியிருந்தது. வேலையை விட்டாலும் சரி, உயிரை விட்டாலும் சரி, பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். படத்தை மட்டும் உரித்து வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியும் பயந்தாரோ என்னவோ. பிற்பாடு மகள் கேட்கும்போதெல்லாம், "உன்னை மாதிரிதான் இருப்பா," என்பார். அண்ணனைக் கேட்டால், "உன்னை மாதிரியா? அம்மா அழகு," என்று சீண்டுவான். அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, இதில் எது நான், எது அம்மா என்று பிரித்துப் பார்த்தே வளர்ந்தாள்.

போன வருஷம் கண் மருத்துவர் அவளை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "ஓரப் பார்வை இருக்கும்மா. நடுவுலதான் போகும்."

"நடுவுல என்ன இருக்கும் டாக்டர்?"

"நீங்க எதைப் பாக்க நினைக்கறீங்களோ, அது."

அன்றைக்குப் பிறகுதான் அவளுக்குப் பதற்றம் பிடித்தது. தொழில் போகுமே என்றல்ல. பார்க்காத முகம் ஒன்று பாக்கி இருக்கிறதே என்று.

அந்தச் சமயத்தில்தான் ஆவணக் காப்பகம் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தது. பெட்டி பெட்டியாகப் பழைய புகைப்பட நெகட்டிவ்கள். முக்கால்வாசியில் யார் எவர் என்று தெரியாது. தினமும் ஒன்றை ஏற்றுவார்கள். ஊர் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் கீழே வந்து எழுதுவார்கள். "அந்த மூலையில இருக்கிறது எங்க மாமா நடத்தின சைக்கிள் கடை." "மாமா நடத்தினாரா, மாமா வாடகைக்கு எடுத்தாரா, சரியாச் சொல்லுங்க." இப்படிக் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி சளசளவென்று இருக்கும். ஆனால் அங்கே ஓர் ஒழுங்கும் உண்டு. படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக எண்ணி, எண் சொல்லித்தான் பேச வேண்டும். நேரில் பார்த்த ஒருவர் சாட்சி சொல்லி, எழுத்தில் ஓர் ஆதாரமும் இருந்தால் பெயரை ஏற்றுக்கொள்வார்கள். பக்கத்தை நடத்துகிற அம்மாளை எல்லாரும் மேடம் என்பார்கள். ஒரு படத்தில் எல்லாப் பெயரும் சேர்ந்ததும் மேடம் ஒரு பூட்டுப் படம் போடுவார். பூட்டிய பிறகு பேச்சு கிடையாது.

ஒருநாள் பல்புத் தொழிற்சாலைப் படம் வந்தது. வாசலில் மேல்கோட்டு போட்ட ஒன்பது பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில், அவர்களுக்குப் பின்னால் படிமேல், சூப்பர்வைசர். நெகட்டிவ் இருந்த கவரில் படக்காரர் தேதியும் போட்டு, ஒன்பது பெயரையும் இடமிருந்து வலமாக எழுதிவைத்திருந்தார். மூன்றாவது பெயர் அவள் அம்மாவுடையது.

மூன்றாவது முகம் பளிச்சென்று இருந்தது. இடது புருவத்துக்கு மேலே ஒரு மச்சம். முன்பல்லில் ஒரு ஓரம் உடைந்திருந்தது. அதை மறைக்க உதட்டை இறுக்கியும், சிரிப்பு அடங்காமல் வெளியே வந்துவிட்டிருந்தது. தையல்காரம்மா போனைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமா. அம்மாதான்," என்றார். கவர் ஆதாரம், அண்ணன் சாட்சி. எண் மூன்று என்று மேடம் எழுதிவிட்டார். அவள் அன்று பூராவும் ஒரு தையல்கூடப் போடவில்லை.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு பெண், "எண் ரெண்டு எங்க அத்தைன்னு போட்டிருக்கு, ஆனா அத்தை ஜாடையே இல்லையே," என்று எழுதினாள். யூனிபார்ம் போட்டால் எல்லாரும் ஒரே ஜாடைதான் என்று அவளைச் சமாதானப்படுத்தினார்கள். "சூப்பர்வைசர் என்ன, வலது கையில கடிகாரம் கட்டியிருக்காரு," என்று ஒருவர் கேட்க, "இடது கையால சம்பளத்தைப் பிடிப்பாரு, அதான்," என்று இன்னொருவர் சொல்ல, சிரிப்போடு அது போயிற்று.

பழைய ஃபிட்டர் என்ற பெயரில் எழுதும் பெரியவர் மட்டும் விடவில்லை. "வாசலைப் பாத்து நின்னா தண்ணி டேங்க் வலது கைப்பக்கம் இருக்கும். இருபத்தெட்டு வருஷம் அதுக்குக் கீழதான் சைக்கிளை விட்டேன். படத்துல டேங்கோட கால் இடது ஓரத்துல தெரியுது. என்னமோ இடிக்குது." ரெண்டு டேங்க் இருந்திருக்கும் என்றார் ஒருவர். வயசானால் இடது வலது மாறத்தான் செய்யும், என் மாமனார் செருப்பையே மாத்திப் போடறார் என்றார் மற்றொருவர். எங்கே படமே பொய் என்று ஆகிவிடுமோ என்ற பயத்தில் தையல்காரம்மாவும் எழுதினாள். "உங்க ஞாபகக் குழப்பத்துக்காக எங்க அம்மாவை எங்ககிட்ட இருந்து பிடுங்காதீங்க." பெரியவர், "மன்னிக்கணும். எனக்குத்தான் வயசாச்சு," என்று எழுதிவிட்டுப் போனவர்தான், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

இன்னொருவர் லாரி டிரைவர். கவரில் ஏழாவது பெயர் அவருடைய அம்மா. மூன்று வயதில் பறிகொடுத்தவர். அவரிடமும் வேறு படம் கிடையாது. ஆனால் ஒன்பது பேரில் ஏழாவது பெண் மட்டும் படம் எடுத்த நேரத்தில் தலையைத் திருப்பிவிட்டிருந்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கலங்கல். டிரைவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எழுதுவார். "எண் ஏழு எங்க அம்மா. அசைஞ்சுட்டாங்க. அவங்க ஒரு இடத்துல நிக்கமாட்டாங்கன்னு சித்தி சொல்லுவாங்க, சரியாத்தான் இருக்கு. வேற போட்டோ யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க. எந்த ஊரா இருந்தாலும் வண்டியை நிறுத்திப் பாத்துட்டுப் போறேன்."

அவருக்கு இவள் ஒருதரம் பதில் போட்டாள். "முகம் தெரியாட்டி என்ன தம்பி, அம்மா நின்ன இடமாச்சும் தெரியுதே. அதை நெனச்சு மனசைத் தேத்திக்கோங்க." நல்ல வார்த்தை சொன்னோம் என்று அன்றைக்கு அவளுக்கு நிறைவாகத்தான் இருந்தது. வயிறு நிறைந்தவள் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

தொழிற்சாலையை இடிக்கப் போகிறார்கள் என்றும், வாசல் தூணை மட்டும் விட்டுவைத்து அதில் இந்தப் படத்தையும் பெயர்களையும் உலோகப் பலகையில் பொறிக்கப் போகிறார்கள் என்றும் சேதி வந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பூட்டு. யாருக்காவது ஏதாவது சொல்ல இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும் என்று மேடம் எழுதியிருந்தார்.

புதன்கிழமை காலை. ஒரு பேண்ட்டின் கால் மடிப்பை முடித்துவிட்டு அவள் வழக்கம்போல அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் எண்ணெய்க் கட்டைவிரல் வைத்து இழுத்த மாதிரி இருந்தது. போனைத் துடைத்தாள். போகவில்லை. கண்ணில்தான் இருக்கிறது என்று புரிந்தது. நேராகப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரியும் என்று மருத்துவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் பார்வையை மேலே தள்ளினாள். பார்வை சூப்பர்வைசரின் மார்பில் போய் நின்றது.

சட்டைப் பை அவருடைய வலது பக்கம் இருந்தது.

எந்த மடையன் தைத்தான் என்றுதான் முதலில் தோன்றியது. நாற்பது வருஷமாகச் சட்டை பிரிக்கிறவள். ஆண் சட்டையில் பை எந்தப் பக்கம், பட்டன் எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆறு மாதம் இந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு முகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இப்போது அந்த முகம் விலகிக்கொண்டதும் சட்டைகள் தெரிந்தன. சூப்பர்வைசரின் பட்டன் பட்டியும் பெண்கள் போடுகிற பக்கமாக இருந்தது. ஒன்பது பெண்களின் கோட்டுகளும் ஆண்கள் போடுகிற பக்கமாக மூடியிருந்தன. ஒரு தையல்காரன் ஒரு சட்டையில் தப்பு செய்யலாம். பத்து சட்டையில் தப்பு வராது.

அவள் எழுந்தாள். தலை படியில் இடித்தது. தேய்த்துக்கொள்ளக்கூட இல்லாமல் போனைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடிக்குள் பை இடது மார்புக்குப் போயிற்று. கடிகாரம் இடது கைக்குப் போயிற்று. டேங்கின் கால் வலது ஓரத்துக்குப் போயிற்று. ஃபிட்டர் சைக்கிள் விட்ட பக்கம்.

நெகட்டிவைப் புரட்டி வைத்து ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கவர் சரி, படம்தான் திரும்பி நிற்கிறது. அப்படியானால் இடமிருந்து மூன்றாவது என்பது இந்தப் படத்தில் வலமிருந்து மூன்றாவது. அவள் விரலால் எண்ணினாள். ஏழு.

"தம்பி," என்று சாவிக்காரரைக் கூப்பிட்டாள். "இதுல ஏழாவது ஆளோட முகத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. எப்படி இருக்கு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "முகமே இல்லையேக்கா. ஈரத்துல கை வெச்சுத் தேச்ச மாதிரி இருக்கு. ஏன்?"

"சும்மாதான்," என்றாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த பேண்ட்டை எடுத்து, காலின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்து, கால் நுழையாதபடி மூடிவிட்டாள். அதைப் பிரிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பிரித்துக்கொண்டே நினைத்தாள்: யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. ஃபிட்டர் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் வாயைத் தைத்துக்கொண்டு இருந்தால் போதும். அந்த மச்சமும் உடைந்த பல்லும் உலோகத்தில் ஏறிவிடும். கண் போனால்கூட விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அண்ணன் பார்த்தாரே, அம்மாதான் என்றாரே. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி காலமான பிறகு ஒற்றை அறையில் தனியாக இருந்தார். போட்டுக்கொண்டு போக இடமில்லாவிட்டாலும் தினமும் ஒரு சட்டையை இஸ்திரி போடுவார்.

"வா, டிக்கெட் எடுத்தியா?" என்றார். யார் வந்தாலும் அதுதான் வரவேற்பு.

"அண்ணே, மூணாவது ஆள் அம்மாதானேன்னு நான் கேட்டப்ப, நீ எதை வெச்சு ஆமான்னு சொன்ன?"

"கண்ணை வெச்சுத்தான்."

"வெளையாடாத. படம் திரும்பி இருக்கு. அது அம்மா இல்ல. அது டிரைவரோட அம்மா." நடந்ததைச் சொன்னாள். பை, பட்டன், கண்ணாடி, டேங்க்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டையின் காலரை நீவிக்கொண்டே இருந்தார்.

"நீ எத்தனை தரம் கேட்ட தெரியுமா? உள்ள வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள நாலு தரம். அம்மாதானே, அம்மாதானே, நல்லாப் பாருன்னு. உன் மூஞ்சியைப் பாத்துட்டு எவன் இல்லைன்னு சொல்லுவான்?"

"அப்ப தெரிஞ்சே சொன்னியா, அம்மா இல்லைன்னு?"

"தெரிஞ்சாத்தானே." அவர் குரல் தாழ்ந்தது. "எட்டு வயசு எனக்கு. எட்டு வயசுப் பையன் அம்மா முகத்தையா பாப்பான், கையில தின்ன என்ன கொண்டாந்திருக்குன்னு பாப்பான். அந்தக் கை ஞாபகம் இருக்கு. பெட்டி ஒட்டற பசை வாசனை ஞாபகம் இருக்கு. முகம் எனக்குப் பதினஞ்சு வயசுலயே போயிடுச்சு. ஒருநாள் படுத்துக்கிட்டு நெனச்சுப் பாத்தேன், வரலை. அப்புறம் வரவே இல்ல. பெத்தவ முகத்தை மறந்துட்டேன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? நீ வேற கேட்டுக்கிட்டே இருப்ப. அழகுன்னு சொல்லி வெச்சேன்."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஐம்பது வருஷமாக இவன் ஒருவனிடமாவது பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்தால் ஒன்றுமில்லை.

"ஏழாவதுன்னா சொன்ன? தலையைத் திருப்பின ஆளா?" என்றார் அண்ணன் திடீரென்று. "மத்தியானச் சங்கு ஊதினா நான் உன்னை இடுப்புல தூக்கிட்டு டேங்குக்கு அடியில வந்து நிப்பேன், நிழலுக்கு. பால் குடுக்கக் கால் மணி நேரம் விடுவாங்க. நீ சும்மா இருப்பியா, தொண்டை கிழியக் கத்துவ. காவல்காரன்கூட, சங்கு எதுக்கு, இவளே போதும்பான். அன்னிக்கும் நின்னிருப்பேன். நீ கத்தியிருப்ப. அதான் அம்மா திரும்பியிருப்பாங்க."

கவரில் இருந்த தேதிப்படி அவளுக்கு அன்றைக்கு ஐந்து மாதம். ஆனால் இப்போது அவளால் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள முடியவில்லை.

"நின்னியா, நின்னிருப்பியா?"

அவர் சட்டையை மடிக்கத் தொடங்கினார்.

"இதையும் எனக்காகத்தான் சொல்றியாண்ணே?"

"தெரியலம்மா," என்றார். "டேங்குக்கு அடியில நின்னது நெஜம். அன்னிக்கு நின்னேனான்னு தெரியல. இப்பல்லாம் எது நடந்தது, எது உனக்காகச் சொன்னதுன்னு எனக்கே பிரிக்க முடியல." மடித்த சட்டையை ஓரமாக வைத்துவிட்டு, "பேசாம விட்டுடேன். வெள்ளிக்கிழமைதானே. கண்ணு போகப்போற நேரத்துல உனக்கு ஒரு முகம் இருந்துட்டுப் போகட்டும். செத்தவங்க வந்து சண்டையா போடப் போறாங்க?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில் இருந்தது. வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கெல்லாம் டிரைவர் எழுதியிருந்தார். ஞாயிறு வரை அவருக்குப் பொறுக்கவில்லை. எழுத்து அவள் கண்ணில் உருகி ஓடியது. சாவிக்காரரிடம் நீட்டினாள். அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார்.

"நாளைக்குப் பூட்டறாங்களாம். பலகையில எங்க அம்மா பேருக்கு மேல மேகம் மாதிரி ஒண்ணுதான் வரும். பரவாயில்ல. என் பேத்திகிட்ட, இதுதான் கொள்ளுப்பாட்டின்னு அந்த மேகத்தைக் காட்டிடறேன். தையல்காரம்மா ஒருதரம் சொன்னாங்க, நின்ன இடமாச்சும் தெரியுதேன்னு. அதைத்தான் வண்டி ஓட்டறப்பல்லாம் நெனச்சுக்கறேன்."

சாவிக்காரர் நிமிர்ந்தார். "நீங்கதானேக்கா தையல்காரம்மா? நல்ல வார்த்தை சொல்லியிருக்கீங்க."

அவள் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தான் சொன்ன வார்த்தையை அடுத்தவர் வாயால் கேட்டதில் காது கூசியது. யாரோ ஒரு மனுஷன் தன் அம்மாவின் முகத்தை இங்கே நூல்கண்டுப் பெட்டிமேல் விட்டுவிட்டு, ஊர் ஊராக வண்டியை நிறுத்தித் தேடிக்கொண்டிருக்கிறான். இவள் ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

"தம்பி," என்றாள், "பழைய ஃபிட்டர்னு ஒருத்தர். அவருக்கு என் குரல்லயே ஒரு சேதி அனுப்பணும். எங்க அமுக்கணும்னு காட்டுங்க."

ஃபிட்டர் சாயங்காலம் கூப்பிட்டார். எடுத்ததும், "யாரு, அம்மாவைப் பிடுங்கறான்னு எழுதின அம்மாவா?" என்றார்.

"ஆமாங்கய்யா. நான்தான்."

"நான் அந்தப் பக்கத்தை விட்டே போயிட்டேன். என் மருமக அதைப் படிச்சுட்டு, மாமாவுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போனா. படம் வரையச் சொன்னாங்க, நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னாங்க. எல்லாம் உங்களால."

"கழிச்சீங்களா?"

"அது யாரால முடியும்?" என்றார் பெரியவர். பிறகு ஒரு செருமல். "டேங்க் எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

"வலது கைப்பக்கம்தான்யா. நீங்க சொன்னதுதான் சரி. படத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை எழுதணும். நான் மட்டும் சொன்னா சாட்சி போதாது."

"மூணாவது உங்க அம்மான்னீங்களே. திருப்பினா என்ன ஆவும்?"

"இல்லைன்னு ஆவும்."

"தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"எழுதறேன்," என்றார் பெரியவர். "உங்களைத் திட்டறதுக்கு நாலு வார்த்தை சேத்து வெச்சிருந்தேன். அது கிடக்கட்டும்."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஃபிட்டரின் டேங்கும் தையல்காரம்மாவின் சட்டைப் பையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பக்கத்தில் ஏறின. பத்தரைக்கு மேடம் எழுதினார். நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததாகவும், பிலிமின் மங்கல் பக்கத்தையும் மினுக்குப் பக்கத்தையும் மாற்றி வைத்திருந்ததாகவும், தவறு தங்களுடையதுதான் என்றும். சரி செய்த படத்தையும் போட்டார். எண் இரண்டின் மருமகள், "இப்பத்தான் அத்தை ஜாடை," என்று எழுதினாள். தையல்காரம்மா புதுப் படத்தைத் திறக்கவில்லை. திறந்து என்ன செய்ய? கலங்கலான ஒன்றைக் கலங்கலான கண்ணால் பார்க்க வேண்டும். இனி கொஞ்ச நாளில் எல்லா முகமும் அப்படித்தான் தெரியப் போகிறது.

பதினொன்றரைக்கு போன் அடித்தது. பின்னால் லாரிகள் போகிற இரைச்சல்.

"நான் டிரைவர் பேசறேன். மேடம்தான் நம்பர் குடுத்தாங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டுப் பேசறேன்."

"சொல்லுங்க தம்பி."

"பாத்தேன்." அவர் மூச்சு விடுவது கேட்டது. "பாத்தேன், ஆனா போன் சின்னது, ஒண்ணும் மனசுல நிக்கமாட்டேங்குது. நீங்க ஆறு மாசமாப் பாத்திருக்கீங்க. நீங்களே சொல்லுங்களேன், எப்படி இருக்காங்க?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் நடுவிலும் தெரிந்தது. "புருவத்துக்கு மேல ஒரு மச்சம், மிளகு அளவு. கழுத்துல மூணு கோடு. முன்பல்லு ஓரம் உடைஞ்சிருக்கு. அதை மறைக்கத்தான் உதட்டை இறுக்கியிருக்காங்க, ஆனா சிரிப்பு வந்துடுச்சு. பக்கத்துல யாரோ ஏதோ சொல்லியிருக்கணும். கோட்டு அவங்க அளவுக்குத் தைச்சது இல்ல, கையை ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டிருக்காங்க. மடிப்பு நேரா இருக்கு. வேலையில சுத்தமானவங்க." சொல்லச் சொல்ல, தைத்து முடித்த துணியை மடித்து மடித்து ஒருவர் கையில் கொடுப்பது மாதிரி இருந்தது. கடைசி மடிப்பையும் கொடுத்துவிட்டாள். கையில் எதுவும் இல்லை.

டிரைவர் அழுதாரோ என்னவோ, லாரிச் சத்தத்தில் தெரியவில்லை.

"உங்க அம்மாவைத்தான் இத்தனை நாள் என் அம்மான்னு பாத்துட்டிருந்தேன்," என்றார் பிறகு. "அந்த மேகத்தை அவ்வளவு உத்துப் பாத்தவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். சொல்லட்டுமா?"

"என்ன இருக்கு தம்பி அதுல சொல்ல."

"முகம்தான் கலைஞ்சிருக்கு. மத்ததெல்லாம் கலையல. டேங்க் பக்கமாத் திரும்பியிருக்காங்க, பின்னல் தோள்ல இருந்து தூக்கி நிக்குது, அவ்வளவு வேகமாத் திரும்பியிருக்காங்க. ஒரு கை கோட்டு மேல இருக்கு. மேல ரெண்டு பட்டன் கழண்டிருக்கு, மூணாவதைக் கழட்டிட்டிருக்காங்க. மத்த எட்டுப் பேரும் கழுத்து வரைக்கும் பட்டனைப் போட்டுட்டு சிலை மாதிரி நிக்கறாங்க. இவங்க மட்டும் ஏன் போட்டோ எடுக்கற நேரத்துல பட்டனைக் கழட்டறாங்கன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல. ரொம்ப வெக்கையா இருந்திருக்குமோ?"

சாவிக்காரர் ஊசியில் நூலைக் கோத்து நீட்டிக்கொண்டு நின்றார். அவள் வாங்கவில்லை. ஒரு கை தன் கழுத்துக்குக் கீழே போய் நின்றது.

"வெக்கை இல்ல தம்பி," என்றாள். "புள்ள அழுதிருக்கு."